பண்ணும் தொனியும்: ஒரு சொற்பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் 'டோன்' என வழங்கும் சொல்லைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு ஒரு சொல் போதுவதில்லை. இசைநூலில் அது சுரத்தையும், இரு சுரங்களுக்கிடையே உள்ள ஓர் அளவையும் குறிக்கும். மொழியியலில் சொல்லின் பொருளையே மாற்றவல்ல குரலின் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும். பஞ்சாபி, மணிப்புரி, மிசோ முதலிய மொழிகள் அவ்வகையில் சேர்க்கப்படுகின்றன, தமிழ் சேர்க்கப்படுவதில்லை. ஓவியத்தில் அது வண்ணத்தின் அடர்த்தி. மருத்துவத்தில் தசையின் இறுக்கம். அன்றாடப் பேச்சில் ஒருவர் குரலில் புலப்படும் மனநிலை. 1929இல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தம் செய்முறைத் திறனாய்வு நூலில் பொருளை நான்காக வகுத்தபோது, சொல்லுவோன் கேட்போனை நோக்கிக் கொள்ளும் மனப்பான்மைக்கு அச்சொல்லையே பெயராக்கினார். அந்நூல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பாடமாகப் பரவிய பின்னர்த் தமிழ்த் திறனாய்வாளர்கள் அதற்குத் 'தொனி' என்னும் சொல்லை எடுத்தாண்டனர். இன்று செய்தித்தாள் முதல் ஆய்வேடு வரை அச்சொல்லே வழங்குகிறது.

தொனி என்பது பிழையான தேர்வு அன்று. ஆயினும் அது நிலைபெற்றதன் விளைவாக, இசைக்குரிய சொற்கள் ஒருபுறமும் பேச்சுக்குரிய சொற்கள் மறுபுறமுமாகப் பிரிந்துவிட்டன. 'பண்' என்றால் இராகம்; 'தொனி' என்றால் பேச்சின் பாங்கு என்னும் பாகுபாடு இயல்பானது போலத் தோன்றத் தொடங்கிவிட்டது. பழந்தமிழ் நூல்களையும் உரைகளையும் நோக்கும்போது இப்பாகுபாடு பிற்காலத்தது என்றே கருத வேண்டியுள்ளது. பண் என்னும் சொல்லுக்குள் பேச்சின் தொனியும் அடங்கியிருந்தது என்பதற்கு உரைநூற் சான்று உண்டு. கேரள அரங்கில் வழங்கும் பண்பெயர்கள் அதற்குத் துணைநிற்கின்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களமாகும். தேவாரப் பண்களின் காலத்தை அறுதியிடுவதற்கு அடிப்படையான திருஞானசம்பந்தர் கால ஆராய்ச்சியை 1890களில் நிகழ்த்திய பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரின் மகாராசா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்னும் அவரது முடிவு இன்றும் நிற்கிறது. தமிழ்ப் பேரகராதியை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து நிறைவேற்றிய ச. வையாபுரிப் பிள்ளை அதற்கு முன்னர் இந்நகரில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தியவர். பின்னர் 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். சொற்களுக்கும் சரிதம் உண்டு, அதனைக் கால அடைவில் காண வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1962இல் வ.ஐ. சுப்பிரமணியம் தொகுத்து இப்பல்கலைக்கழகம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு, ஒரு சொல் எங்கெங்கே எப்பொருளில் வருகிறது என ஐயமறக் காணும் வழியைத் திறந்தது. மேலும், தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசப்படும் இந்நகரில், ஒரு சொல் இரு மொழிகளில் இருவேறு வழி சென்றிருப்பதைக் காதாலேயே கேட்கலாம்.

இழுத்துக் கட்டிய நரம்பு

'டோன்' என்பதன் மூலம் கிரேக்கச் சொல்லாகிய 'டோனோஸ்'. இழுத்தல், நீட்டுதல் எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது அது. முறுக்கிய கயிறு, இறுக்கம், இழுத்துக் கட்டிய நரம்பு எழுப்பும் ஒலி, எழுத்தின் மேல் குரல் உயர்தல் எனப் பொருள் வளர்ந்தது. தசையின் இறுக்கத்துக்கும் யாழின் சுரத்துக்கும் ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல் வழங்குவதன் காரணம் இதுவே. அவ்வினையடியோடு உறவுடையது வடமொழியில் 'தன்' என்னும் அடி. நூலிழையைக் குறிக்கும் தந்து, யாழ் நரம்பைக் குறிக்கும் தந்திரி, நீட்டிப் பாடும் தானம், நெய்தற் பொறியையும் நூலையும் குறித்த தந்திரம் ஆகியவை அதன் வழிவந்தவை. கேரளக் கோயில்களில் வழிபாட்டு முறைக்குத் தலைமை தாங்கும் 'தந்திரி'யின் பெயரும் தந்திரத்தின் வழியாக அவ்வடியையே சேர்கிறது. தமிழில் தந்தி என்பது வீணைக் கம்பியாகவும், கம்பி வழி வந்த செய்தியாகவும் ஆயிற்று. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது; சொல் மட்டும் நாளிதழின் பெயரில் நிற்கிறது. ஆங்கிலச் சொல்லின் தூரத்து உறவு ஒன்று இவ்வாறு தமிழிலேயே இருந்தும் மொழிபெயர்ப்பாளர் எவரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

உறவுமுறைச் சொல்லைக் காட்டிலும் ஆராயத்தக்கது, உறவில்லாமலே அதே பொருட்பரப்பைக் கொண்ட தமிழ்ச்சொல். அதுவே 'நரம்பு'. உடலின் நரம்பு, இலையின் நரம்பு, யாழின் நரம்பு, அந்நரம்பில் எழும் சுரம் ஆகிய நான்கும் அதன் பொருள்கள். உடலின் தசைநாரிலிருந்து கருவியின் நாணுக்கும், நாணிலிருந்து அதன் ஒலிக்கும் பொருள் நகர்ந்திருத்தல் வேண்டும். கிரேக்கத்தில் இழுத்தல் என்னும் செயல் தொடக்கமாக அமைய, தமிழில் இழுக்கப்பட்ட பொருள் தொடக்கமாக அமைந்தது. இரண்டும் சென்று சேர்ந்த இடம் ஒன்றே. மலையாளத்தில் 'ஞரம்பு' என்னும் வடிவம் இன்றும் உயிரோடு உள்ளது. ஆனால் அங்கு அது பெரிதும் உடலுறுப்பாகவே நின்றுவிட்டது. இன்றைய தமிழ்ப் பொதுவழக்கிலும் நிலை அதுதான். யாழ் மறைந்தபோது நரம்பின் இசைப்பொருளும் உடன் மறைந்தது.

இப்பொருள் மறைவு ஆய்வுலகில் சிறிய சிக்கலை ஏற்படுத்தவில்லை. பழைய நூலொன்று ஏழு நரம்பு என்று கூறினால் அது ஏழு கம்பிகளா, ஏழு சுரங்களா என்பது ஒவ்வோரிடத்திலும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டியது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் கூறப்படும் யாழ் பதினான்கு நரம்பு கொண்ட கோவையாக அமைகிறது. அங்குக் கம்பியும் சுரமும் ஒன்றுக்கொன்றாக நிற்பதால் குழப்பம் குறைவு. பிறவிடங்களில் அவ்வாறன்று. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட மு. ஆபிரகாம் பண்டிதர் ஓர் இயக்கில் 24 சுருதிகள் எனக் கொண்டார்; 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்ட விபுலாநந்த அடிகள் 22 எனக் கொண்டார். இருவரும் ஆராய்ந்தவை பெரும்பாலும் அதே காதைகளும் அதே உரைகளுமே. கணக்கில் நேர்ந்த வேறுபாட்டுக்கு அலகு, மாத்திரை, நரம்பு, கேள்வி முதலிய சொற்களுக்குக் கொள்ளும் பொருளும் ஒரு காரணம்.

அவற்றுள் 'கேள்வி' தனியே குறிப்பிடத்தக்கது. வினா, கேட்டறிந்த கல்வி, வேதம், இசைச் சுருதி என அதற்குப் பல பொருள். வடமொழியில் 'சுருதி' என்பதும் கேட்கப்பட்டது என்னும் பொருளிலிருந்து வேதத்தையும் இசை நுண்ணளவையும் குறிக்கலாயிற்று. இரண்டில் எது எதைப் பின்பற்றியது என்னும் வினாவை இங்கு எழுப்ப வேண்டியதில்லை. ஒலியை அளக்கும் சொல்லாகக் கேட்பவன் செயலையே இரு மரபினரும் வைத்துள்ளனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. ஏழு நரம்புகளுள் முதலாவதன் பெயர் 'குரல்'. துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன பின்வருவன. கருவியிசையின் அளவுகளைப் பேசும் முறையிலேயே மனிதக் குரலின் பெயர் தலைமைச் சுரத்துக்கு நிற்கிறது. பேச்சும் பாட்டும் தனித்தனி அறைகளில் வைக்கப்படவில்லை என்பதற்கு இது முதற்சான்று.

பண்ணுதலும் பண்ணும்

பண் என்னும் பெயர் பண்ணுதல் என்னும் வினையோடு இணைந்தது. இன்று 'பண்ணு' என்பது செய் என்பதன் பேச்சுவழக்காக, எழுத்தில் தவிர்க்கத்தக்க சொல்லாகக் கருதப்படுகிறது. சங்க இலக்கியத்தில் அதன் பொருள் இன்னும் கூர்மையானது. குதிரையையும் யானையையும் தேரையும் புறப்பாட்டுக்கு ஆயத்தமாக்குதல் பண்ணுதல் ஆகும். புறநானூற்றின் 12ஆம் பாடல் பாணர் பொற்றாமரை சூடுவதையும் புலவர்க்கு யானையும் தேரும் பண்ணப்படுவதையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. குதிரைச் சேணத்துக்கும் பண் என்றே பெயர். கானல் வரியில் மாதவி யாழ்மேல் நிகழ்த்தும் எட்டுவகைக் கரணங்களுள் முதலாவது 'பண்ணல்'. நரம்பை உரிய பண்ணுக்கு அமைத்தல் என்பது அதன் கருத்து. வாரை இழுத்துக் கட்டிக் குதிரையை ஆயத்தமாக்கலும், நரம்பை இழுத்துக் கட்டி யாழை ஆயத்தமாக்கலும் ஒரே வினையாக நின்றன எனலாம். இழுத்துக் கட்டுதல் என்னும் கருத்தில் இதுவும் 'டோனோஸ்' என்பதன் அருகே வந்து நிற்கிறது. இவ்வொப்புமை கருத்தளவினதே, சொல்லுறவு எதனையும் இதிலிருந்து பெறக் கூடாது.

பண்ணுக்கு அடியார்க்குநல்லார் காட்டும் இலக்கணம் இன்னும் முக்கியமானது. அவர் தம் உரையில் ஒரு பழைய வெண்பாவை மேற்கோளாகத் தருகிறார். பாவோடு பொருந்துவதால் இசை எனவும், பெருந்தானம் எட்டிலும் எடுத்தல் முதலிய எட்டுக் கிரியைகளாலும் பண்ணப்படுவதால் பண் எனவும் பெயர் பெற்றது என்பது அதன் கருத்து. தானங்கள் எட்டு: நெஞ்சு, மிடறு, நாக்கு, மூக்கு, அண்ணாக்கு, உதடு, பல், தலை. கிரியைகள் எட்டு: எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு. இசையறிஞர் பலரும் இப்பகுதியை எடுத்துக் காட்டியுள்ளனர். பெரும்பாலும் அது பண்ணுக்கு ஒரு சொல்லாராய்ச்சி என்ற அளவில் விடப்பட்டுள்ளது. அப்பட்டியல்கள் வேறெங்கே உள்ளன என்று நோக்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்குகிறது.

தானங்களை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடங்களாகக் கூறுவன தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு. அடியார்க்குநல்லார் காட்டும் எட்டும் இவையே. பாணினீய சிட்சையும் எழுத்தின் தானங்கள் எட்டு என்றே கூறுகிறது. ஆகவே பண் பிறக்கும் இடமும் எழுத்துப் பிறக்கும் இடமும் ஒன்று. நெஞ்சு, மிடறு, தலை என்னும் மூன்று தானங்கள் மட்டும் கூறப்பட்டிருப்பின் அவற்றை மந்தரம், மத்திமம், தாரம் என்னும் இசைத் தானங்களாகக் கொள்ளலாம். பல்லும் உதடும் மூக்கும் சேர்க்கப்பட்டிருப்பதால் இது சுரநிலை பற்றிய கூற்றாக மட்டும் இருத்தல் இயலாது. சொல்லின் ஒலிப்பு பற்றியதும் ஆகும்.

கிரியைகளிலும் இவ்வுண்மை புலப்படுகிறது. முதல் மூன்றாகிய எடுத்தல், படுத்தல், நலிதல் என்பவை இலக்கண மாணவர் அனைவர்க்கும் அறிமுகமானவை. வடமொழியின் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்பவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்கள் அவை. எழுத்தொலிப்பில் நேரும் சிறு வேறுபாடுகளைக் கூறுமிடத்தில் நன்னூலார் அவற்றை வைத்துள்ளார். நான்காவது கம்பிதம். பரதரின் நாட்டிய சாத்திரத்தில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம், கம்பிதம் என்னும் இந்நான்கும் இதே வரிசையில் 'வர்ணம்' என்னும் பெயரோடு வருகின்றன. அவர் அவற்றைக் கூறுமிடம் பாட்டைப் பற்றிய இயல் அன்று. நடன் அரங்கில் வசனத்தையும் சுலோகத்தையும் எடுத்துரைக்கும் 'பாட்டியம்' பற்றிய பகுதி. எச்சுவைக்கு எவ்வர்ணம் உரியது என்றும், குரல் மாறுபடுவதால் பொருள் மாறுபடும் 'காகு' எத்தகையது என்றும் அவர் விளக்குவதும் அங்கேயே. எனவே பண்ணுக்கு இலக்கணம் வகுத்த பழையோர், எடுத்துரைத்தலுக்குரிய கலைச்சொற்களைக் கொண்டே அதனை வகுத்துள்ளனர் என்பது தெளிவு.

இதற்கு மறுப்பாக, உரையாசிரியர் பிற்காலத்தவர், வடநூல் வழக்கைத் தமிழ்ப் பண்ணின்மேல் ஏற்றினார் எனக் கூறலாம். அவ்வாறே கொண்டாலும், அக்கால அறிஞர்க்குப் பண் என்பது அவ்விலக்கணத்தை ஏற்கத்தக்க பொருளாகத் தோன்றியது என்னும் செய்தி எஞ்சி நிற்கும். மறுபுறம், பண் என்பது வெறும் பேச்சுப் பாங்கே என்று கொள்வதும் பொருந்தாது. நாற்பெரும் பண், பாலைகள் பிறக்கும் முறை, இணை கிளை பகை நட்பு என்னும் நரம்புறவு ஆகியவை திட்டமான சுர அமைப்பைப் பேசுகின்றன. சுர அமைப்பும் எடுத்துரைக்கும் பாங்கும் ஒன்றாக நின்ற நிலையே பண் என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. யாப்பிலும் இந்நிலை உண்டு. வெண்பாவின் ஓசை செப்பல், ஆசிரியத்தின் ஓசை அகவல் எனப்படுகின்றன. செப்புதல் ஒருவர்க்கு விடை கூறுதல், அகவுதல் அழைத்தல். கேட்போனை நோக்கி நிற்கும் முறையே ஓசைக்குப் பெயராயிற்று. ரிச்சர்ட்ஸ் 1929இல் கூறிய கருத்துக்குத் தமிழில் சொல் தேடியோர் முதலில் இங்கே நோக்கியிருக்கலாம்.

தொனியின் இருவழி

தொனி என்பது 'த்வனி' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதன் வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கு ஓர் இடம் உண்டு. மதங்கரின் 'பிருகத்தேசி' 1928இல் கே. சாம்பசிவ சாஸ்திரியால் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் பதிப்பிக்கப்பட்டது. இராகம் என்பதற்கு விரிவான இலக்கணம் கூறும் பழைய நூல் என இசை வரலாற்றாசிரியர் போற்றும் நூல் அது. அனைத்துக்கும் பிறப்பிடம் த்வனியே என்று அந்நூல் தொடங்குகிறது. சுரத்தாலும் வர்ணத்தாலும் அணிசெய்யப்பட்டு மக்கள் மனத்தை வயப்படுத்தும் சிறப்புடைய த்வனியே இராகம் என்பது அதன் விளக்கம். இராகம் என்னும் சொல்லின் அடியும் நிறமேற்றுதல் என்னும் பொருளுடையது. ஆக இங்குத் த்வனி என்பது இசையொலி.

காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் ஒன்பதாம் நூற்றாண்டில் அச்சொல்லைக் கவிதைக் கோட்பாட்டுக்கு எடுத்துச் சென்றார். சொல் நேரே உணர்த்தும் பொருளுக்கு அப்பால் ஒலிக்கும் குறிப்புப்பொருள் த்வனி ஆயிற்று. மணியை அடித்த பின் நிற்கும் அதிர்வு போன்றது அது என்னும் உவமை இக்கோட்பாட்டில் புகழ்பெற்றது. தமிழில் உள்ளுறையும் இறைச்சியும் ஏற்கெனவே அப்பணியைச் செய்துவந்தமையால் அக்கோட்பாட்டுப் பெயர் தமிழ்க் கவிதையியலில் வேரூன்றவில்லை. மலையாளத்தில் அது வேரூன்றியது. இன்று மலையாளத்தில் 'த்வனிப்பிக்குக' என்றால் குறிப்பாக உணர்த்துதல். தமிழில் 'கேலி தொனித்தது' என்றால் குரலில் கேலி வெளிப்பட்டது. முன்னது மறைந்து நிற்கும் பொருள். பின்னது வெளியே கேட்கும் பாங்கு. இருமொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கூட இவ்விடத்தில் இடறுவதுண்டு. மலையாளக் கவிதைத் திறனாய்வில் வரும் த்வனியைத் தமிழில் தொனி எனவே எழுதினால் வாசகர் பிறிதொன்றைப் புரிந்துகொள்வர். குறிப்புப்பொருள் என்று எழுதுவதே நேர்.

'வண்ணம்' பற்றியும் ஒரு சொல். நிறத்துக்கும் ஓசை வேறுபாட்டுக்கும் பொதுவான சொல் அது. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணங்கள் இருபது என்கிறார். வடமொழி 'வர்ணம்' நிறம், எழுத்து, குரலின் அசைவு ஆகியவற்றைக் குறித்தது. பின்னர் இசையுருப்படி ஒன்றன் பெயராயிற்று. சுவாதித் திருநாள் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு ஆதரிக்கப்பட்டபோது இந்நகரில் தழைத்த வர்ணம் அவ்வுருப்படியே. நிறமும் ஒலியும் 'டோன்' என்னும் ஒரு சொல்லில் கூடுவதைக் கண்டு வியக்கத் தேவையில்லை.

அரங்கில் நின்ற பண்பெயர்கள்

மேலே உரைநூல்களைக் கொண்டு பெறப்பட்ட முடிவுக்குக் கேரள அரங்கு துணைச்சான்று தருகிறது. சிலப்பதிகார நடுகற் காதையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன்னர்க் கொட்டிச்சேதம் ஆடுகிறான். சாக்கையர் மரபினர் கேரளத்தில் இன்றளவும் கூத்தும் கூடியாட்டமும் நிகழ்த்திவருகின்றனர். கூடியாட்டம் 2001இல் யுனெஸ்கோவால் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் 1970இல் டி. அப்புக்குட்டன் நாயர் முயற்சியால் தோன்றிய 'மார்கி' நிறுவனம் கதகளியோடு கூடியாட்டத்தையும் பயிற்றிவருகிறது.

கூடியாட்டத்தில் நடிகர் வடமொழிச் சுலோகத்தையும் பிராகிருத வசனத்தையும் பாடுவதில்லை, பேசுவதும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையில் எடுத்துரைக்கின்றனர். சில சுரங்களுக்குள்ளேயே குரல் ஏறி இறங்கும், இழுக்கும், அதிரும். இம்முறைகள் இருபதளவில் உள்ளன. ஒவ்வொன்றும் 'ஸ்வரம்' எனப்படும். எந்தப் பாத்திரம் எந்த உணர்ச்சியில் பேசும் சுலோகத்துக்கு எந்த ஸ்வரம் என்பதை நடிகர்க்குரிய ஆட்டப்பிரகாரங்கள் குறித்துவைத்துள்ளன. சினத்துக்குத் தர்க்கன், அவலத்துக்குத் துக்ககாந்தாரம் என்பன போல அமைந்த இவ்வொழுங்கு, பரதர் பாட்டியத்துக்குக் கூறும் முறையை நினைவூட்டுகிறது.

அந்த ஸ்வரங்களின் பெயர்ப்பட்டியலைத் தேவாரம் பயின்ற ஒருவர் முதன்முறை காணும்போது வியப்பே மேலிடும். இந்தளம் இருக்கிறது. ஸ்ரீகாமரம் இருக்கிறது; தேவாரத்தில் அது சீகாமரம். கொரக்குறிஞ்சி இருக்கிறது, தேவாரப் பண்களில் வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி, அந்தாளிக்குறிஞ்சி எனக் குறிஞ்சிகள் பல. கைசிகி இருக்கிறது, தேவாரத்தில் கௌசிகம். கேரளக் கோயில்களின் சோபான இசையில் புறநீர் என்னும் இராகம் உண்டு. தேவாரத்தில் புறநீர்மை பகற்பண்களுள் ஒன்று. இப்பெயர்கள் தமிழகத்தில் பாட்டின் பெயர்களாகவும், கூடியாட்டத்தில் பேச்சுப் பாங்கின் பெயர்களாகவும் நிற்கின்றன.

இங்கே நிதானம் தேவை. இப்பெயர்கள் அனைத்தும் தமிழுக்கே உரியவை எனக் கொண்டு, கூடியாட்ட இசை முழுவதும் தேவாரத்திலிருந்து பிறந்தது என்று கூறிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதியோரும் உளர். ஆனால் கைசிகியும் பின்னபஞ்சமமும் போன்ற பெயர்கள் வடமொழி இசைநூல்களிலும் உள்ளன. இந்தளத்தை அந்நூல்களின் 'இந்தோளம்' என்பதோடு இணைப்போர் உண்டு. தர்க்கன் என்பதைத் தக்கராகத்தோடு இணைக்க மனம் விழையலாம். ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு அதனைச் செய்தல் ஆகாது. பெயர் ஒன்றாயின் சுர அமைப்பும் ஒன்றே என்னும் முடிவும் பிழை. தமிழகத்திலேயே ஓதுவார் மரபில் சீகாமரம் நாதநாமக்கிரியையிலும், கௌசிகம் பைரவியிலும், புறநீர்மை பூபாளத்திலும் பாடப்படுகின்றன. இவை மரபு காத்துத் தந்த இணைகள். ஏழாம் நூற்றாண்டில் அவற்றின் சுரங்கள் இவையே எனக் கொள்வதற்குச் சான்று வேண்டும். சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவந்த பண்ணாராய்ச்சிக் கூட்டங்களில் இவ்விணைகளைப் பற்றி நெடிய விவாதங்கள் நிகழ்ந்துள்ளன.

ஆகவே இப்பெயர்களைக் கொண்டு 'எது எதிலிருந்து வந்தது' என்று கேட்பதைவிட, 'எவ்வகைப் பொருளுக்கு இப்பெயர் இடப்பட்டது' என்று கேட்பதே பயன்தரும். ஒரே பெயர்த்தொகுதி ஒரு நிலத்தில் பாட்டையும் அடுத்த நிலத்தில் எடுத்துரைத்தலையும் குறிக்குமாயின், இரண்டையும் உள்ளடக்கிய ஒரு பழைய பொருள் இருந்திருத்தல் வேண்டும் என்பது சொற்பொருள் ஆராய்ச்சியின் பொதுநெறி. அப்பொருளைத்தான் அடியார்க்குநல்லார் காட்டிய வெண்பா தானம் எட்டு, கிரியை எட்டு என்று வகுத்துரைக்கிறது. தமிழகத்தில் யாழுக்குப் பின்வந்த வீணையும், கோயிலில் ஓதுவார் பாடல் மரபும், பிற்காலத்தில் மேளகர்த்தா முறையும் பண்ணின் சுர அமைப்பை முன்னிறுத்தின. எடுத்துரைத்தற் கூறு பின்தங்கியது. கேரளத்தில் அரங்கின் தேவை எடுத்துரைத்தற் கூற்றைப் பேணியது. சுர விரிவு குறுகியது. ஒரு கூறு இங்கும் மறுகூறு அங்குமாகப் பிரிந்தன எனக் கருதலாம். இவ்விளக்கம் மறுக்கத்தக்கதாயின், மறுப்போர் பல்லும் உதடும் மூக்கும் பண்ணின் தானங்களாகக் கூறப்பட்டதற்கு வேறு காரணம் காட்டுதல் வேண்டும்.

இதன் பயன் பதிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் உடனே தெரியவரும். பண் என்பதை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் 'இராகம்' எனவோ 'மெலடி' எனவோ எழுதிச் செல்கின்றனர். தேவாரத்தில் சாதாரி, கொல்லி முதலிய பண்ணடைவுகளை இராகக் குறிப்பாக மட்டும் கொண்டால், ஒரே பண்ணில் அமைந்த பதிகங்களிடையே வேண்டுதல், இடித்துரைத்தல், முறையிடுதல் முதலிய பேச்சுநிலைகள் எவ்வாறு பரவியுள்ளன என்னும் ஆய்வு தொடங்கவே இடமில்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவர் பதிகங்களையும் பண்வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் விளி, வினா, ஏவல் ஆகியவை வரும் எண்ணிக்கையை எடுத்தால், பண்ணுக்கும் பேச்சுநிலைக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது வெளிப்படும். சொல்லடைவு முறையில் பயிற்சி பெற்றோர்க்கு அது கடினமான பணி அன்று. கூடியாட்ட ஆட்டப்பிரகாரங்களின் ஸ்வரக் குறிப்புகளையும் அவ்வாறே அட்டவணைப்படுத்தி அருகில் வைத்துப் பார்க்கலாம்.

பெரியபுராணம் கூறும் யாழ்மூரி நிகழ்ச்சியும் இந்நோக்கில் மீண்டும் படிக்கத்தக்கது. சம்பந்தர் பாடல்களை யாழில் இட்டு வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், தம் யாழே அவ்விசையைப் பரப்புகிறது என்று உறவினர் கருதியது பொறாது, யாழில் அடங்காத ஒன்றைப் பாடியருளுமாறு தருமபுரத்தில் வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார்; பாணரால் அதனை யாழில் இட இயலவில்லை; அவர் யாழை உடைக்க ஓங்க, சம்பந்தர் தடுக்கிறார். இந்நிகழ்ச்சியை அருட்செயலாகவும், சுர நுட்பமாகவும் விளக்கியோர் பலர். நரம்பில் கிடைக்கும் சுரங்களுக்கு அப்பால் அப்பாடலில் என்ன இருந்தது என்னும் வினாவை, நாவும் பல்லும் உதடும் பண்ணின் தானங்கள் என்று கூறிய உரையாசிரியரிடம் கொண்டுசென்று கேட்டவர் அரியர்.